டாய்லெட் லைனை இடம் மாற்றும் முன் சேம்பர் மூடியைத் திறங்கள்

கூடத்து மூலையில் மேலிருந்து கீழ்வரை நிற்கிற நாலு இஞ்ச் பைப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினால் ஒரு அலமாரி வைக்கலாம். கொல்லையில் இருக்கிற கக்கூஸை உள்ளே கொண்டுவந்துவிட்டால் ராத்திரியில் அம்மா வெளியே போக வேண்டியதில்லை. சமையலறையை நீட்டலாம் என்று பார்த்தால் மாடி லைன் சரியாக நடுவில் வந்து இறங்குகிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையோ கடலூர் மஞ்சக்குப்பமோ, பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்பார்கள். பிளம்பரைக் கேட்டால் “ரெண்டு பெண்டு போட்டா முடிஞ்சுது சார்” என்பார். பைப்பை மாற்றுவது இரண்டு பெண்டில், அதாவது இரண்டு வளைவுத் துண்டில், முடிகிற வேலைதான். உள்ளே போவது ஒழுங்காக வெளியே போய்ச் சேருமா என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

டாய்லெட் லைனுக்கு மோட்டார் கிடையாது. குடிதண்ணீர் லைனில் இருப்பது போல அழுத்தமும் கிடையாது. வாட்டம் ஒன்றை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது. அதனால் கழிப்பறையை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பைப்பை எப்படிக் கொண்டுபோவது என்று பிறகு யோசிப்பது தலைகீழான வேலை. சேம்பரில் (டாய்லெட் லைன் வந்து சேருகிற, மூடி போட்ட சின்னத் தொட்டி) பைப் போய் விழுகிற மட்டம் என்ன, அங்கிருந்து பின்னோக்கி வந்தால் வீட்டுக்குள் எதுவரை எட்டும் என்று பாருங்கள். எட்டுகிற இடத்தில்தான் கழிப்பறை. வாஸ்து பார்க்கிறவர் வடமேற்கு மூலையைக் காட்டுவார். சேம்பர் தென்கிழக்கில் இருந்து, வீடும் 50 அடி நீளம் என்றால், மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மட்டம் எடுப்பது

இதற்கு இன்ஜினியர் வேண்டியதில்லை. இரண்டு பேர், உள்ளே தண்ணீர் தெரிகிற டியூப் ஒரு சுருள், டேப், பென்சில் போதும்.

முதலில் சேம்பர் மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். முகத்தைக் குனிந்து உள்ளே கொண்டுபோக வேண்டாம். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. உள்ளே ஒருவரை ஃப்ளஷ் பண்ணச் சொல்லிவிட்டு வெளியே நின்று பாருங்கள். தண்ணீர் வந்து, சேம்பரின் அடியில் இருக்கிற வாய்க்கால் வழியாக அடுத்த பைப்புக்குள் ஓடிவிட்டால் சரி. வந்த தண்ணீர் தேங்கி நின்றால் சிக்கல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது: செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கும், அல்லது தெரு லைன் அடைத்திருக்கும். அதைச் சரி செய்யாமல் உள்ளே எதை மாற்றினாலும் காசு வீண்.

அடுத்து டியூப் மட்டம். ஸ்டூல் மேல் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையை உறிஞ்சி விட்டால் குமிழி இல்லாமல் நிரம்பும். நடுவில் ஒரு சின்னக் குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும், அதனால் டியூபை நீளவாக்கில் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புதுக் கழிப்பறை வரப்போகிற சுவரில், தரையிலிருந்து சரியாக 3 அடி உயரத்தில் ஒரு கோடு போட்டு, ஒருவர் டியூபை அங்கே பிடிக்க வேண்டும். இன்னொருவர் மறுமுனையோடு சேம்பருக்குப் பக்கத்துச் சுவருக்குப் போக வேண்டும். இங்கே தண்ணீர் கோட்டில் வந்து நிற்கும்வரை அங்கே டியூபை ஏற்றி இறக்கி, நின்றதும் அந்தச் சுவரிலும் ஒரு கோடு. இரண்டும் ஒரே மட்டம். இப்போது சேம்பர்ப் பக்கத்துக் கோட்டிலிருந்து, பைப் வந்து விழும் அடிமட்டம்வரை அளந்து, அதில் 3 அடியைக் கழியுங்கள். உங்கள் தரைக்கு எவ்வளவு கீழே சேம்பர் இருக்கிறது என்பது கைக்கு வந்துவிட்டது.

நாலு இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1 என்பது வாட்டக் கணக்கு. ஞாபகம் வைத்துக்கொள்ள, பத்தடிக்கு 3 இஞ்ச். இடம் பற்றாத வீட்டில் பத்தடிக்கு 2 இஞ்ச் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். நிறைய வாட்டம் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று சில மேஸ்திரிகள் பைப்பைச் சறுக்குமரமாக்கி விடுவார்கள். அப்போது தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், கூடப் போக வேண்டிய கெட்டியான சமாச்சாரம் பைப்பிலேயே தங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து சேம்பரின் அடிமட்டம் 24 இஞ்ச் கீழே. கழிப்பறையிலிருந்து சேம்பர் 20 அடி தூரம். 20 அடிக்கு வாட்டம் 6 இஞ்ச். ஆக, கழிப்பறை முனையில் பைப்பின் அடிப்பாகம் தரைக்கு 18 இஞ்ச் கீழே இருக்கும், மேல்பாகம் ஏறத்தாழ 13 இஞ்ச் கீழே. கிளாசெட்டுக்கு (கழிப்பறைப் பீங்கான்) அடியில் பெண்டு உட்கார இடம் தாராளமாக இருக்கிறது. தரைக்குக் கீழே சுவர்களைத் தாங்கி ஓடும் கான்கிரீட் பிளிந்த் பீம் ஓரடி ஆழம் என்றாலும் அதற்கு அடியில் நுழைந்து போய்விடலாம்.

அதே வீட்டில் சேம்பர் 12 இஞ்ச்தான் கீழே என்றால்? கழிப்பறை முனையில் பைப்பின் அடிப்பாகம் 6 இஞ்ச் கீழே வரும், மேல்பாகம் டைல்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெண்டு உட்காராது. இப்படி வரும்போது உங்களுக்கு மூன்று வழிகள். கழிப்பறையை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, பின்பக்கம் சுவரை நோக்கி வாய் இருக்கிற பி டிராப் கிளாசெட் வாங்கி, பைப்பைத் தரைக்கு மேலேயே சுவர் வழியாக வெளியே எடுத்துவிடுவது முதல் வழி. மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது. கழிப்பறைத் தரையை ஒரு படி உயர்த்துவது இன்னொன்று. ஆனால் வயதானவர்களுக்காகத்தானே கழிப்பறையை உள்ளே கொண்டுவருகிறோம், அங்கே போய்ப் படி வைப்பதா? செப்டிக் டேங்க்கின் வாய் இன்னும் கீழே இருந்தால் சேம்பரை ஆழப்படுத்துவது மூன்றாவது. கழிவை அரைத்துத் தள்ளுகிற பம்பு ஒன்றும் கடையில் கிடைக்கும். கரண்ட் போனால் கழிப்பறையும் போய்விடும் என்பதால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்

புதுச்சேரியின் தமிழர் பகுதித் தெருக்களில் வீடுகள் இருபுறமும் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கும். தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், கூடம், கொல்லை என்று நீளமாகப் போகும். கழிப்பறை கடைசியில், பாதாளச் சாக்கடை முன்னால் தெருவில். பக்கவாட்டில் சந்து கிடையாது. அதனால் டாய்லெட் லைன் வீட்டின் வயிற்றுக்கு அடியிலேயே முழு நீளமும் ஓடியாக வேண்டும். 60 அடி என்றால், பத்தடிக்கு 3 இஞ்ச் வீதம் வாட்டத்துக்கே ஒன்றரை அடி போய்விடும். இப்படிப்பட்ட வீட்டில் ஆறு இஞ்ச் பைப் போட்டு, பத்தடிக்கு 2 இஞ்ச் வாட்டம் வைப்பது நல்லது. ஓரடியில் முடியும்.

இந்த வீடுகளில் கழிப்பறையை முற்றத்துப் பக்கம் முன்னால் இழுப்பது மட்டத்துக்கு மிகவும் சௌகரியம். தூரம் பாதியாகிவிடும், முற்றத்திலேயே ஒரு சேம்பர் கட்டிக்கொள்ளலாம். அதன் மேல் இரட்டை மூடி போட்டு ஓரத்தில் கிரீஸ் அடைத்தால் வாடை வராது. முற்றத்து மழைநீர் போகிற பழைய வாய்க்காலை மட்டும் இந்த சேம்பரில் சேர்த்துவிடாதீர்கள். மேஸ்திரி சேர்க்கத்தான் பார்ப்பார், அவருக்கு ஒரு பைப் மிச்சம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை முற்றத்தில் விழுந்து சாக்கடை லைனுக்குள் போனால், லைன் நிரம்பி கிளாசெட் வழியாகத்தான் வெளியே வரும்.

பழைய பைப் எதுவென்று பாருங்கள்

கறுப்பாக, தட்டினால் மணி போல ஒலிப்பது வார்ப்பிரும்பு. கனம் அதிகம், மூட்டுகளில் ஈயம் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். இதை நடுவில் அறுக்கும் முன் மேல் துண்டுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடியிலிருந்து மொத்தமும் இறங்கும். மண்ணுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் பளபளப்பாக இருப்பது ஸ்டோன்வேர். அதில் புதுப் பைப்பைச் சேர்க்க முயல்வதைவிட, அடுத்த சேம்பர்வரை மொத்தமாக எடுத்துவிடுவது மேல்.

சாம்பல் நிறத்தில், சிமெண்டில் வார்த்தது போல் இருப்பது ஏசி பைப். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தது. இதில் கிரைண்டர் வைக்க விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். பைப்பை நன்றாக நனைத்து, கிளாம்ப்பைக் கழற்றி, மூட்டோடு பிரித்து முழுசு முழுசாக இறக்க வேண்டும். வாயில் கைக்குட்டை கட்டினால் போதாது, தூசு வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளைக் கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். தெருவோரக் குப்பையில் சல்லியோடு கொட்ட வேண்டாம்.

உடைக்கக் கூடாதவை

கான்கிரீட் வீட்டில் பீமையும் தூணையும் தொடவே கூடாது. தளத்தில் பைப்புக்கு ஓட்டை வேண்டுமென்றால் வட்டமாகக் குடைந்தெடுக்கிற கோர் கட்டிங் மிஷின் வைத்துப் போடச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடித்தால் ஐந்து இஞ்ச் ஓட்டைக்கு ஓரடி தளம் உதிரும். ஒன்பது இஞ்ச் சுவரைக் காடி எடுத்து நாலு இஞ்ச் பைப்பை உள்ளே புதைப்பதும் வேண்டாம், சுவரில் பாதி போய்விடும். பைப்பைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, சுற்றிலும் பெட்டி மாதிரி மூடிக்கொள்ளலாம்.

மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் இன்னும் கவனம். மர உத்திரங்கள் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பில் கட்டிய தளம் அது. இரண்டு உத்திரங்களுக்கு நடுவில் மட்டும்தான் ஓட்டை போட முடியும். ஓர் உத்திரத்தை அறுத்தால், அது தாங்குகிற செங்கல் வரிசை மொத்தமும் ஆடும். பாரம்பரியக் கட்டடமாகக் குறிக்கப்பட்ட வீடாக இருந்து, தெருப் பக்கத்து முகப்பில் பைப் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால் முதலில் அனுமதியைக் கேட்டுவிடுங்கள். அபார்ட்மெண்டில் பொது லைனில் கை வைக்கிற பேச்சே வேண்டாம்.

மாடி லைன் கூடத்துக்குள் இறங்குகிறது, அதை நகர்த்த வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரைக்கு அடியில் எட்டடி தள்ளிக் கொண்டுபோனால் வாட்டத்துக்கு இரண்டரை இஞ்ச், பைப்புக்கு நாலரை, பெண்டுக்கும் கிளாம்ப்புக்கும் மேலும் கொஞ்சம் என்று ஏறத்தாழ ஓரடி கீழே ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டிவரும். மேலே யாராவது ஃப்ளஷ் பண்ணினால் கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் மேலே ஓட்டினால் வீட்டில் நிம்மதியே இருக்காது. மாடிக் கழிப்பறையில் சன்கன் தளம், அதாவது பைப்புக்காகப் பள்ளமாக இறக்கிப் போட்ட தளம், இருந்தால், அந்தப் பள்ளத்துக்குள்ளேயே பைப்பைத் திருப்பி வெளிச்சுவர் வழியாக எடுத்து, வெளியே இறக்கிவிடுவதுதான் சுத்தமான வேலை. செலவு கூடும். பின்னால் அடைப்பு வந்தால் கூடத்தை உடைக்காமல் வெளியே நின்றே எடுத்துவிடலாம்.

கடைக்குப் போகும் முன்

கிளாசெட்டை முதலில் வாங்குங்கள், பைப்பை அப்புறம் வாங்கலாம். தரையை நோக்கி வாய் இருக்கிற எஸ் டிராப் கிளாசெட்டில் சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்பகுதிவரை 4, 9, 12 இஞ்ச் என்று வெவ்வேறு அளவு உண்டு. அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. வேலை நடக்கும்போது சுவர் வெறும் செங்கல்லாக இருக்கும். பூச்சு, டைல்ஸ், ஒட்டும் கலவை எல்லாம் சேர்த்து ஓர் இஞ்சுக்கு மேல் வரும். ஒன்பது இஞ்ச் கிளாசெட்டுக்குச் செங்கல்லிலிருந்து ஒன்பது இஞ்ச் அளந்து பைப்பை நிறுத்திவிட்டு, கடைசியில் கிளாசெட் சுவரில் முட்டுகிற கதை எத்தனையோ வீட்டில் நடக்கிறது.

பிவிசி பைப்பில் ஐஎஸ் (இந்தியத் தர எண்) 13592 என்றும், டைப் பி என்றும் அச்சடித்திருக்க வேண்டும். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது, சுவர் மெல்லிசு. கடையில் விலை குறைவாகச் சொன்னால் பெரும்பாலும் டைப் ஏயைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். மண்ணுக்குள் நீளமாகப் போவதற்கு ஐஎஸ் 15328 என்று தனியாக ஒரு பைப் இருக்கிறது, கிடைத்தால் அதுவே போடுங்கள். திரும்புகிற இடத்தில் ஒரே 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு. படுக்கையாக ஓடும் லைனில் இன்னொரு லைன் வந்து சேரும் இடத்தில் T வடிவ நேர் டீ வேண்டாம், Y வடிவ ஒய் போடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், அடைப்பெடுக்கத் திறக்கிற கதவு வைத்த பெண்டோ டீயோ ஒன்றாவது இருக்கட்டும், அந்தக் கதவு கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். டைல்ஸுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் கதவு வைத்து என்ன பயன்?

கிளாம்ப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். படுக்கையாகப் போகும் பைப்புக்கு மூன்று நான்கு அடிக்கு ஒன்று, நிமிர்ந்து போவதற்கு ஐந்து ஆறு அடிக்கு ஒன்று. கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் சாதா இரும்பு ஸ்க்ரூ உப்புக் காற்றில் சீக்கிரமே பொரிந்துவிடும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி இடங்களில் எவர்சில்வர் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள்.

வேலை நடக்கும் வரிசை

புது லைனை முழுசாகப் போட்டு, தண்ணீர் விட்டுச் சோதித்து முடிக்கும்வரை பழைய லைனை யாரும் தொடக் கூடாது. வீட்டில் ஒரே கழிப்பறை இருந்தால் இது உயிர்நாடி. பிளம்பர் முதல் நாளே பழையதை உடைத்துப் போட்டுவிட்டு மறுநாள் வேறு சைட்டுக்குப் போய்விட்டால், பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சங்கடத்தோடு நிற்க வேண்டியது நீங்கள்தான்.

பள்ளம் தோண்டும்போது சேம்பரிலிருந்து தொடங்கி வீட்டை நோக்கி வரச் சொல்லுங்கள். ஒன்றரை அடி அகலம் இருந்தால் உட்கார்ந்து வேலை செய்யலாம். கடலோரத்து மணல் பூமியில் பள்ளத்தின் ஓரம் சரிந்துகொண்டே இருக்கும், பலகை கொடுத்துத் தாங்க வேண்டும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் இருக்காது. சுவரை ஒட்டி அதன் அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டவே கூடாது, நான்கைந்து அடி தள்ளிப் போங்கள். பள்ளத்தின் அடியில் செங்கல் துண்டு, ஜல்லி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு மூன்று நாலு இஞ்ச் மணல் பரப்பி, அதன் மேல் பைப். நூல் கட்டி, வாட்டத்தை ஒவ்வொரு பைப்புக்கும் பார்க்க வேண்டும். பைப் 10 அடி நீளம் என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 3 இஞ்ச் வித்தியாசம். ரசமட்டத்தின் ஒரு முனையில் அளவான மரத்துண்டு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற பிளம்பர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்: 2 அடி ரசமட்டத்துக்கு அந்தத் துண்டு 15 மி.மீ. கனம் இருந்தால் 40-க்கு 1 வந்துவிடும்.

மூட்டுகளில் இரண்டு வகை. ரப்பர் ரிங் வைத்தது ஒன்று, பேஸ்ட் போடுவது ஒன்று. ரிங் மூட்டில் பைப்பின் முனையை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, பிசிறு எடுத்து, லூப்ரிகண்டோ சோப்புக் கரைசலோ தடவி உள்ளே தள்ள வேண்டும். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். அடிவரை தள்ளியபின் ஒரு செ.மீ. வெளியே இழுத்துவிட வேண்டும், வெயிலில் பைப் நீளுவதற்கு அந்த இடைவெளி. மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் ரிங் மூட்டு நல்லது என்பதற்குக் காரணமும் அதுதான். பேஸ்ட் மூட்டில், போடும் முன் காய்ந்தபடியே ஒருமுறை சொருகிப் பார்த்து, எதுவரை போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஈரமும் மணலும் இல்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவி, லேசாகத் திருகி உள்ளே தள்ளி, அரை நிமிஷம் அப்படியே பிடிக்க வேண்டும். மறுநாள்வரை தண்ணீர் விட வேண்டாம்.

கீழ்த்தளத்துக் கழிப்பறையை மாடியிலிருந்து இறங்கும் லைனின் அடியில் சேர்க்காமல், தனி லைனாக சேம்பருக்கே கொண்டுபோங்கள். மேலே ஃப்ளஷ் பண்ணும்போது வரும் காற்றழுத்தம் கீழ்க் கிளாசெட்டில் தண்ணீரைக் குமிழி விட வைக்கும். குளிக்கிற தண்ணீரும் வாஷ்பேசின் தண்ணீரும் வேறு லைனில் போய் கல்லி டிராப்பில் (தண்ணீர் நின்று வாடையைத் தடுக்கிற சின்னத் தொட்டி) விழுந்து, அதற்குப் பிறகு சேம்பரில் சேரட்டும்.

காற்றுக்குழாயைத் தொலைத்துவிடாதீர்கள்

இடம் மாற்றும்போது அதிகம் பலியாவது காற்றுக்குழாய்தான், அதாவது லைனுக்குள் காற்று போய்வர மொட்டை மாடிக்கு மேல் திறந்து நிற்கிற பைப். பழைய லைனை அறுத்தவர், மேலே மொட்டை மாடிவரை போகிற மிச்சத் துண்டு எதற்கு என்று ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிடுவார். கிளாசெட்டுக்குள் எப்போதும் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. குறைந்தது இரண்டு இஞ்ச் அது நிற்க வேண்டும். காற்று நுழைய வழியில்லாத லைனில் தண்ணீர் வேகமாக இறங்கினால், பின்னால் இருக்கிற அந்தத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஃப்ளஷ் பண்ணியதும் ‘களக் களக்’ என்று சத்தம், ஒரு வாரத்தில் வாடை. வீட்டுக்காரர் டைல்ஸ் சந்தையெல்லாம் அடைத்துப் பார்ப்பார், பினாயில் பினாயிலாக ஊற்றுவார், போகாது. புது லைனின் உச்சியிலும் பைப் தளத்துக்கு மேல் இரண்டடியாவது நிமிர்ந்து, தலையில் கவ்ல் மூடியோடு (காற்று போகும் ஓட்டைகள் உள்ள மூடி) நிற்க வேண்டும். பக்கத்தில் ஜன்னலோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் பத்தடி தள்ளிப் போகட்டும், அல்லது இன்னும் உயரமாகப் போகட்டும். வெளியே நிற்கிற பைப்புக்கு ஒரு கை பெயிண்ட் அடித்துவிடுங்கள், வெயிலில் பொடியாகாமல் இருக்கும்.

சோதனை, இணைப்பு

மண் மூடும் முன், பூச்சு பூசும் முன் சோதனை. கீழ் முனையை அடைத்து, மேலே கிளாசெட் வாய்வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். இறங்கினால் எங்கோ கசிகிறது. தண்ணீரில் கண்டுபிடிக்க முடியாத கசிவுக்குச் சாம்பிராணிப் புகை நல்ல உளவாளி: லைனுக்குள் புகையை விட்டு மேலே அடைத்தால், மூட்டு சரியில்லாத இடத்தில் கோடு கட்டி வெளியே வரும். புது லைன் சேம்பரோடும் செப்டிக் டேங்க்கோடும் சேராமல் தனியாக இருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்யலாம். டேங்க்கில் எரியும் வாயு இருக்கிறது. பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, நனைத்த செய்தித்தாள் உருண்டைகள் நாலைந்தைப் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை உருண்டை உள்ளே போனதோ அத்தனையும் மறுமுனையில் வந்து விழ வேண்டும்.

எல்லாம் சரி என்றால் இணைப்பு. காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய லைனில் பத்துப் பதினைந்து வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, யாரும் கழிப்பறைக்குப் போகாமல் நிறுத்தி, அறுக்க வேண்டும். அறுப்பவருக்கு நீள ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி. கையில் காயம் இருப்பவர் செய்ய வேண்டாம், எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது. திறந்த வாயை உடனே பிளக் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் கரப்பான் வீடு முழுக்க வரும். கைவிட்ட பழைய லைனை இரண்டு முனையிலும் மூடி போட்டுக் கான்கிரீட் வைத்து அடையுங்கள். தளத்தில் பழைய ஓட்டை இருந்தால் சாதா சிமெண்டு வேண்டாம், காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் கலவை ஊற்றுங்கள். அந்த இடத்தில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் பார்த்த பிறகுதான் டைல்ஸ்.

செப்டிக் டேங்க்கில் வாய் மாற்ற வேண்டிவந்தால், முதலில் லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியிலிருந்தே சுவரை உடைத்துச் செய்யச் சொல்லுங்கள். “ஒரு நிமிஷம் இறங்கிப் பார்த்துட்டு வந்துடுறேன்” என்று யார் சொன்னாலும் இறங்க விடாதீர்கள். காலி டேங்க்கிலும் விஷவாயு நிற்கும், நொடியில் மயக்கம் போடும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

எப்போது செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும், தோண்டிய பள்ளம் மறுநாள் குளமாகிவிடும். தையிலிருந்து ஆவணிவரை நல்ல காலம். ஆடியில் புது வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் கொத்தனாரும் சித்தாளும் சுலபமாகக் கிடைப்பார்கள். தாழ்வான தெருவாக இருந்து, மழைக்குச் சேம்பர் பொங்கிய அனுபவம் இருந்தால், தெருவுக்குப் போகும் கடைசி சேம்பரில் ஒருவழி வால்வு போட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசியில் ஒருமுறை திறந்து, அதன் நாக்கு அழுக்குப் பிடிக்காமல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மண் மூடும் முன், டேப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு திருப்பத்தையும் படம் எடுத்து வையுங்கள், சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரிகிற மாதிரி. கடைசித் தவணையில் ஒரு பகுதியை, கிளாசெட் உட்கார்ந்து பத்து நாள் புழங்கிப் பார்த்த பிறகு தருகிறேன் என்று வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். முடிந்தபின் சொன்னால் சண்டை வரும்.